குடி பெயரும் உரிமை

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, மறுநாள் தலையங்கத்தின் புரூப் நமது மேஜைமீது இருந்த சமயத்தில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு வாலிபர் காரியாலயத்திற்கு வந்தார். கையில் நாலு பக்கம் டைப் அடித்த வாடகைப் பத்திரம் ஒன்று இருந்தது. பெருங்குடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மனைவியுடன் குடியிருப்பவர். மாத வாடகை 18,000 ரூபாய்; முன்பணம் 1,80,000 ரூபாய். கோவில்பட்டியிலுள்ள தகப்பனார் பக்கவாதத்தால் படுத்துவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு பிள்ளை இல்லை. ஊரிலிருந்தபடியே வேலை செய்யக் கம்பெனியார் சம்மதித்துவிட்டார்கள். சம்மதிக்காதவர் வீட்டுக்காரர் ஒருவரே. 11 மாத ஒப்பந்தத்தில் 5 மாதமே கழிந்திருக்கிறது என்றும், நடுவில் போவதானால் மீதி 6 மாதத்து வாடகையான 1,08,000 ரூபாயை முன்பணத்தில் பிடித்துக்கொள்ள ஒன்பதாவது ஷரத்து இடந்தருகிறது என்றும் அவர் சொல்லிவிட்டாராம். "ஐயா, அப்பாவின் வைத்தியத்திற்கு நான் நம்பியிருந்ததே அந்தப் பணம்தான்" என்றார் வாலிபர்.

பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்த்தோம். ஏழாவது ஷரத்தின்படி, வீட்டுக்காரர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துக் குடித்தனக்காரரை எப்பொழுது வேண்டுமானாலும் எழுப்பலாம். ஒன்பதாவது ஷரத்தின்படி, குடித்தனக்காரர் 11 மாதமும் நகரக் கூடாது. கீழே இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். இதற்கு 'ஒப்பந்தம்' என்று பெயர். கையெழுத்திடுமுன் படித்தீர்களா என்று கேட்டோம். தரகர் நாளைக்கே வேறொருவர் வருகிறார் என்று அவசரப்படுத்தியதால் படிக்க நேரமில்லை என்றார். பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர் எவரும் இந்தப் பதிலைக் கேட்டு அவரைக் கடிந்துகொள்ளமாட்டார்.

இது ஒரு வாலிபருடைய சங்கடம் மாத்திரம் அன்று. நமது வாடகைச் சட்டங்களின் சரித்திரத்தையே இது தொடுகிறது. யுத்த காலத்தில், வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய சமயத்தில், அன்றைய சென்னை ராஜதானியில் 1941-ல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அதன்பின் 1946-ல் ஒரு சட்டம், 1949-ல் ஒரு சட்டம், 1960-ல் ஒரு சட்டம். இவை யாவற்றுக்கும் அடிப்படையான எண்ணம் ஒன்றே: குடித்தனக்காரர் இருக்க விரும்புகிறார், வீட்டுக்காரர் எழுப்ப விரும்புகிறார். அந்த ஒரு சண்டையை ஒழுங்குபடுத்தவே சட்டசபைகள் பாடுபட்டன. நியாயஸ்தலங்களும் மலை மலையாகத் தீர்ப்புகளை எழுதின. குடித்தனக்காரர் தாமாகவே போக விரும்பி, வீட்டுக்காரர் போகவிடாமல் தடுப்பார் என்பது அந்நாளையச் சட்டகர்த்தாக்களின் கனவிலும் தோன்றவில்லை. இன்று உத்தியோகம் வருஷத்திற்கு ஓர் ஊராக மாறுகிறது. தாய் தகப்பன்மார் ஓர் ஊரிலும் பிள்ளைகள் வேறோர் ஊரிலுமாக இருக்கிறார்கள். ஆகவே பழைய சண்டை தலைகீழாகிவிட்டது. சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1960-ஆம் வருஷத்துச் சட்டத்தை நீக்கி, தமிழ்நாடு சட்டசபை 2017-ல் புதிய சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முன்பணம் 3 மாத வாடகைக்கு மேற்படலாகாது. சுவாதீனம் ஒப்படைத்த ஒரு மாதத்திற்குள், நியாயமான பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் முன்பண விதியின் தலையிலேயே 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 10 மாத முன்பணம் கேட்கிறவர் அந்த ஒரு வாசல் வழியாகவே தாராளமாக நுழைந்து வருகிறார். பூட்டைச் செய்து சாவியையும் அதிலேயே தொங்கவிடுவது நமது சட்ட இலாகாவுக்குப் பழக்கமாய்விட்டது போலும்!

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில், 1882-ல் இயற்றப்பட்டு இன்றும் அமலில் இருக்கும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு, குடியிருப்பு வீட்டின் வாடகையை மாதாந்தரக் குத்தகை என்றே கொள்கிறது. இரு தரத்தாரில் எவரும் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து அதை முடித்துக்கொள்ளலாம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு வீசக்கூடும் என்ற பயத்தால் சென்னை ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டணத்தை விட்டு வெளியேறியபோது, மாத வாடகைக்குக் குடியிருந்தவர்மேல் இந்தப் பிரிவு 15 நாள் நோட்டீஸுக்கு மேல் எந்தப் பாரத்தையும் வைக்கவில்லை. அந்நிய சர்க்கார் கொடுத்திருந்த அந்தச் சொற்ப சுதந்திரத்தை, சுதந்திர நாட்டில் தரகர் கடையில் டைப் அடித்த ஒரு ஷரத்து பறித்துக்கொள்கிறது. அங்கேயும் 'மாறான ஒப்பந்தம் இல்லாதபோது' என்ற அதே சொற்றொடர்தான் காரணம்.

தேசிய இயக்கத்தின் சரித்திரம் அறிந்த நமது நேயர்களுக்கு 1859-ஆம் வருஷத்து 13-ஆவது சட்டம் ஞாபகம் இருக்கலாம். முன்பணம் வாங்கிக்கொண்ட தொழிலாளி வேலையை விட்டுப் போனால், மாஜிஸ்திரேட் அவனைத் திரும்ப வேலைக்கு அனுப்பலாம். மறுத்தால் சிறையில் அடைக்கலாம். தேயிலைத் தோட்டத் துரைமார்களுக்கு அது பேருதவியாக இருந்தது. ஒப்பந்தத்தை மீறியவனிடம் நஷ்டம் கேட்கலாமேயன்றி அவன் காலைக் கட்டலாகாது என்று நம்மவர்கள் பல்லாண்டு வாதாடிய பிறகு, 1925-ல் நிறைவேறிய ஒரு சட்டத்தால் அது ஒழிந்தது. அங்கே முன்பணம் வாங்கியவனைக் கட்டினார்கள். இங்கேயோ முன்பணம் கொடுத்தவரைக் கட்டுகிறார்கள். சிறை இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் நோயாளித் தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே 1,08,000 ரூபாய் நின்றால், சம்பளக்காரனுக்கு அதுவும் சுவர்தான்.

அப்படியானால் கையெழுத்துக்கு மதிப்பே இல்லையா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். கெடு முடியுமுன் போவது ஒப்பந்தத்தை மீறுவதே. மீறுகிறவர் அதற்குரிய நஷ்டத்தைத் தரக் கடமைப்பட்டவரே. கேள்வி எல்லாம் எவ்வளவு என்பதுதான். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. பத்திரத்தில் ஒரு தண்டத் தொகை எழுதியிருந்தால், அது மேல் எல்லையே தவிர, கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக் கொடுக்க வேண்டிய தொகை அன்று. அந்த எல்லைக்குள் நியாயமான நஷ்டஈடு மட்டுமே பாதிக்கப்பட்டவருக்கு உரியது. 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கருத்தை விளக்கியது. 2015-ல் மறுபடியும், நஷ்டம் என்று ஒன்று நேர்ந்திருந்தால்தான் ஈடு; நிரூபிக்கக்கூடிய நஷ்டமானால் அதை நிரூபிக்கவும் வேண்டும் என்று வற்புறுத்தியது. 73-ஆவது பிரிவின் விளக்கக் குறிப்போ இன்னும் ஒரு படி மேலே போகிறது: நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைத் தவிர்த்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

வீட்டு விஷயத்தில் இதன் பொருள் யாது? பெருங்குடி போன்ற இடத்தில் காலியான வீடு பல நாள் காலியாகக் கிடப்பதில்லை. ஒரு மாதத்தில் புதுக் குடித்தனம் வந்துவிட்டால், வீட்டுக்காரர் இழந்தது ஒரு மாத வாடகை. அதனுடன் தரகுக் கூலியும் சேரலாம். அதற்கு மேல் 5 மாத வாடகையையும் பழையவரிடம் பிடித்தால், ஒரே வீட்டுக்கு ஒரே காலத்தில் இரண்டு குடித்தனங்களிடம் வாடகை வாங்கினார் என்று ஆகும். அது நஷ்டஈடு அன்று, லாபம். எல்லாத் தீர்ப்புகளும் ஒரே முகமாக இருக்கின்றன என்று சொல்லி வாசகர்களை ஏமாற்ற நமக்கு விருப்பமில்லை. பெரிய வியாபார ஸ்தாபனங்கள் சமபலத்துடன் பேசி எழுதிக்கொண்ட ஷரத்துகளில் வீட்டுக்காரருக்கு அனுகூலமான தீர்ப்புகளும் உண்டு. ஆனால் 74-ஆவது பிரிவைத் தாண்டி முன்பணம் முழுவதையும் விழுங்க எந்தச் சட்டமும் யாருக்கும் அதிகாரம் தரவில்லை.

துன்பம் நேர்ந்தது என்பதாலேயே ஒப்பந்தம் தானாக அற்றுவிடும் என்று எண்ணுவோரும் பலர். இதுவும் தவறு. 1947-ல் பிரிவினைக்கு முன் மேற்குப் பஞ்சாபில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, முன்னதாகவே குத்தகைப் பணத்தையும் கட்டிவிட்டு, கலகத்தால் உயிர் தப்பி இந்தியாவுக்கு ஓடி வந்த ஒருவர், அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்காடினார். நிலம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அவர் அதை அனுபவிக்கவே இல்லை. அப்படியிருந்தும் 1968-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லிற்று. ஒப்பந்தம் நிறைவேற முடியாமற் போவதைப் பற்றிய 56-ஆவது பிரிவு, ஏற்கெனவே நிலத்தை மாற்றிக் கொடுத்துவிட்ட குத்தகைக்குப் பொருந்தாதாம். தீ, வெள்ளம், கலகம், படைகளின் அட்டூழியம் ஆகியவற்றால் கட்டடத்தின் முக்கிய பாகம் அழிந்தாலோ, நிரந்தரமாக உபயோகத்திற்கு லாயக்கற்றுப் போனாலோ மட்டுமே, சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவின்படி குடித்தனக்காரர் குத்தகையை உதறிவிடலாம். 'நிரந்தரமாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளங்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சுத்தம் செய்து குடியிருக்கலாம் என்றால் இந்தப் பிரிவு துணைக்கு வராது. 2020-ல் கொள்ளைநோய்க்காக நாடே அடைக்கப்பட்டபோதும், கடை திறக்க முடியவில்லை என்பதால் வாடகை நின்றுவிடாது என்று டெல்லி ஹைகோர்ட்டு கூறிவிட்டது. ஆகவே நமது வாலிபரின் தகப்பனாருடைய நோய் எவ்வளவு பரிதாபமானாலும், அது சட்டத்தில் ஒரு விடுதலைச் சீட்டு ஆகாது. விலை கொடுத்துத்தான் போக வேண்டும். அந்த விலை நியாயமாக இருக்க வேண்டும் என்பதே நமது கட்சி.

வீட்டுக்காரரையும் டெலிபோனில் விசாரித்தோம். ஒரு தரப்பை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பெழுதும் வழக்கம் நமது பத்திரிகைக்குக் கிடையாது. நாம் எதிர்பார்த்த பணக்காரர் அவர் அல்லர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பாங்கியில் கடன் வாங்கி அந்த ஒரு வீட்டை வாங்கினார். மாதத் தவணைக்கு வாடகை போதாமல் பென்ஷனிலிருந்து போட்டுக் கட்டுகிறார். வாலிபர் கொடுத்த 1,80,000 ரூபாயில் முக்காற்பங்கு, முன்பு குடியிருந்தவருக்குத் திருப்பிக் கொடுத்ததில் போயிற்று. மீதி மகளின் பிரசவச் செலவில் போயிற்று. இப்போது தர வேண்டுமானால் அடுத்த குடித்தனம் முன்பணத்தோடு வர வேண்டும். "ஒன்பதாவது ஷரத்து இல்லாவிட்டால் நான் எங்கே போவேன்?" என்று அவர் கேட்டபோது, அவர் குரலிலும் பயம்தான் இருந்தது, பேராசை இல்லை.

நோயின் மூலம் இங்கே இருக்கிறது. முன்பணம் என்று நாம் சொல்வது, குடித்தனக்காரர் வீட்டுக்காரருக்கு வட்டியில்லாமல் கொடுக்கும் கடனே. நூற்றுக்கு 6 வட்டி என்று வைத்தாலும் 1,80,000 ரூபாய்க்கு வருஷத்தில் 10,800 ரூபாய் வட்டி. சுவரில் ஆணி அடித்ததற்கும் மின்சாரப் பாக்கிக்கும் ஈடாக வைக்கும் பணத்திற்கு 10 மாத வாடகை வேண்டியதில்லை. 2 மாதம் போதும். 2021-ல் மத்திய சர்க்கார் மாகாணங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டமும் குடியிருப்பு வீடுகளுக்கு 2 மாதத்தையே எல்லையாக வைத்திருக்கிறது. முன்பணம் பெரிதாக இருப்பதால்தான் அது செலவாகிறது. செலவாகிவிடுவதால்தான் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை. கொடுக்க முடியாததால்தான் போகக் கூடாது என்ற ஷரத்து வேண்டியிருக்கிறது.

ஒத்திக்கு வீடு பிடிப்பவர்களின் நிலை இதைவிட மோசம். வாடகை இல்லை என்ற ஆசையால் பல லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, போகும்போது அவ்வளவும் திரும்பும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டத்தின் பாஷையில் போக்கியம் என்பது ஓர் அடமானம். பத்திரம் பதிவாக வேண்டும். அநேகர் வெறும் முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டு திருப்தியடைகிறார்கள். அந்த வீடு முன்னமே பாங்கியில் அடமானமாக இருந்தால் பாங்கிக்கே முதல் பாத்தியதை என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

நடுவில் போக நேர்ந்தவர்கள் கோபத்தில் செய்யும் காரியங்கள் அவர்கள் கட்சியையே கெடுத்துவிடுகின்றன. 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று வாய்ச்சொல்லாகச் சொல்லி வாடகையை நிறுத்திவிடுகிறார் ஒருவர். வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது வாடகைப் பாக்கியே. காவற்காரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறுகிறார் இன்னொருவர். பணம் வரும்வரை சாவியைத் தரமாட்டேன் என்று ஊருக்கு எடுத்துப் போகிறார் மூன்றாமவர். சாவி அவரிடம் இருக்கும்வரை சுவாதீனமும் அவரிடமே, வாடகையும் அவர் தலைமேலேயே ஓடும் என்பதை மறந்துவிடுகிறார். செய்ய வேண்டியது வேறு. போகும் தேதியையும் காரணத்தையும் குறித்து எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் அதன்படி. ஒன்றும் எழுதாவிட்டால், சட்டம் 15 நாள் என்றாலும், ஒரு மாதம் கொடுப்பது மரியாதை. மேற்சொன்ன மாதிரிச் சட்டமும் ஒரு மாதத்தையே கூறுகிறது. நாட்கள் கணக்கிடப்படுவது நோட்டீஸ் கைக்குக் கிடைத்த தேதியிலிருந்து. ஆகவே தபால் ரசீது வேண்டும். (நமது தலைமுறை வக்கீல்களின் உயிர்நாடியாக இருந்த ரிஜிஸ்தர் தபாலை 2025 செப்டம்பர் 1-ல் ஸ்பீட் போஸ்ட்டுடன் சேர்த்துவிட்டார்கள், ஒப்புகைச் சீட்டுடன் அதில் அனுப்பினால் போதும்.)

அதைவிட முக்கியமானது, மாற்றுக் குடித்தனக்காரர் ஒருவரைத் தாமே தேடிக் கொண்டுவந்து நிறுத்துவது. அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தகுந்த ஆளை நியாயமான காரணமின்றி மறுத்தவர், வீடு காலியாகக் கிடந்த நஷ்டத்தைப் பின்னால் கேட்க வந்தால், 73-ஆவது பிரிவின் விளக்கக் குறிப்பு அவர் முன்னே எழுந்து நிற்கும். கடைசியாக, ஒவ்வோர் அறையையும் புகைப்படம் எடுத்து, மின்சார மீட்டர் எண்ணைக் குறித்து, சாவி ஒப்படைத்ததற்கு இரண்டு வரி கையெழுத்து வாங்க வேண்டும். அந்த இரண்டு வரிதான் குத்தகை முடிந்ததற்குச் சாட்சி. மேலும், பதிவு செய்ய வேண்டிய பத்திரத்தைப் பதிவு செய்யாமல் விட்ட வீட்டுக்காரர், அந்தப் பத்திரத்தின் ஒன்பதாவது ஷரத்தைத் தூக்கிக்கொண்டு நியாயஸ்தலம் ஏறுவது எளிதன்று. நமது வாலிபரின் பத்திரமும் பதிவாகவில்லை.

தனி மனிதர் சாமர்த்தியத்திற்கு இதையெல்லாம் விட்டுவிடுவது ஒரு சர்க்காருக்கு அழகாகாது. ஜெர்மனியில் காலவரையறை இல்லாத குடியிருப்பு ஒப்பந்தத்தில், எத்தனை வருஷம் குடியிருந்தவரானாலும் 3 மாத நோட்டீஸில் போகலாம். நமக்கு 1882-ல் சட்டம் எழுதிக் கொடுத்த இங்கிலாந்தோ, 2025 அக்டோபரில் இயற்றிய சட்டத்தால் தனியார் வீடுகளில் கெடு வைத்துக் குடியமர்த்தும் முறையையே எடுத்துவிட்டு, 2 மாத நோட்டீஸில் குடியிருப்பவர் வெளியேறலாம் என்று வகுத்திருக்கிறது. நாம் இவ்வளவு தூரம் கேட்கவில்லை. 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தில் மூன்று திருத்தங்கள் செய்தால் போதும். கெடுவுக்கு முன் போகிறவரிடம் வசூலிக்கும் ஈடு எக்காரணத்தாலும் 2 மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. வீடு மறுபடி வாடகைக்குப் போன தேதியிலிருந்து அதுவும் நின்றுவிட வேண்டும். முன்பண எல்லையின் தலையிலுள்ள 'மாறான ஒப்பந்தம்' என்ற சொற்றொடரை நீக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒரு நோட்டீஸ் காலம், குடித்தனக்காரருக்கு வேறொன்று என்று எழுதும் ஷரத்து செல்லாது என்று அறிவிக்க வேண்டும். வார்டு தோறும் கூட்டம் போடும் கட்சி ஊழியர்கள் எத்தனையோ பேர் வாடகை வீட்டிலிருந்துதான் கூட்டத்திற்கு வருகிறார்கள். இதைத் தங்கள் தீர்மானங்களில் ஒன்றாக அவர்கள் ஏன் சேர்க்கலாகாது?

வாலிபருக்கு நாம் எழுதிக் கொடுத்த நோட்டீஸ் ஒரு பக்கத்திற்கு மேல் இல்லை. 74-ஆவது பிரிவைக் குறிப்பிட்டோம். ஒரு மாத வாடகையை ஈடாகத் தர அவர் சம்மதிப்பதாகவும், தம்முடன் வேலை செய்யும் ஒருவர் அதே வாடகைக்கு வரத் தயாராக இருப்பதாகவும் எழுதினோம். வீட்டுக்காரர் ஒரு வாரம் பதிலே சொல்லவில்லை. பிறகு அந்த நண்பரை வரச் சொல்லிப் பார்த்தார். 24-ஆம் நாள் சாவி கை மாறிற்று. 1,80,000 ரூபாயில் ஒரு மாத வாடகை போக, வர்ணப் பூச்சுக்கென்று இன்னொரு 18,000 ரூபாயையும் பிடித்துக்கொண்டு, 1,44,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்து சேர்ந்தது. 5 மாதக் குடித்தனத்தில் சுவர் எவ்வளவு அழுக்காயிற்று என்பதற்குப் புகைப்படங்கள் இருக்கின்றன. வர்ணம் அடித்த ரசீதைக் கேட்டு வாலிபர் கோவில்பட்டியிலிருந்து எழுதியிருக்கிறார். இதை அச்சுக்குக் கொடுக்கும் வரையில் பதில் வரவில்லை.